லீவர் கடி

என் மச்சினன் புல்லட்டிலிருந்து விழுந்து காரை எலும்பை முறித்துக்கொண்டதற்குக் காரணம், அண்ணனூரில் டயருக்குக் காற்றடித்துக் கொடுத்த பஞ்சர் கடைப் பெரியவர் அல்ல. நான்தான். பின் சக்கரத்து டியூபைக் காயப்படுத்தியது என் கை. அது தாங்காது என்ற சந்தேகம் இருந்தும் வண்டியை அவனிடம் கொடுத்தேன். குடும்பமே திரண்டு அந்தப் பெரியவரைக் கேள்வி கேட்டபோது பக்கத்தில் நின்றேன். நின்றேன் என்று சொல்வதுகூடக் குறைத்துச் சொல்வதுதான். அவர்களை அவர் பக்கம் திருப்பிவிட்டதே நான் சொன்ன ஒரு வாக்கியம்.

வண்டி அப்பாவுடையது. அண்ணனூர் கார் ஷெட்டில் மின்சார ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவர் அவர். இரண்டாம் கையாக வாங்கிய 1971ஆம் ஆண்டு புல்லட் 350. வார்ப்பிரும்பு என்ஜின், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். பிளாட்டினம் பாயின்ட் சரி செய்வது, கார்ப்ரேட்டரைக் கழற்றித் துடைப்பது, செயினை இறுக்குவது எல்லாம் வீட்டு வாசலில் அவரே செய்வார். டயர் வேலையை மட்டும் செய்யமாட்டார். “அதுக்குன்னு இருக்கிறவங்க கையில குடுத்துடணும்” என்பார். அப்படிச் சொல்வதில் அவருக்கு எந்தக் குறைவும் தோன்றியதில்லை. அந்த வண்டி எனக்கு வந்தது. அந்தக் குணம் வரவில்லை.

எனக்கு வந்தது பேச்சு. வீட்டுக்கு யார் வந்தாலும் வாசலில் நிறுத்திப் புல்லட்டின் கதையைச் சொல்வேன். இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊரில் பிறந்த வண்டி, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆனது, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பியது, தாய்க் கம்பெனி 1970ஐ ஒட்டி மூடப்பட்ட பிறகும் நம் ஊரில் புல்லட் நிற்காமல் வந்துகொண்டிருந்தது என்று அடுக்குவேன். அதே திருவொற்றியூரில்தான் 1946இல் மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கினார், அது பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆயிற்று என்பேன். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், 1888இல் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்று டயர் செய்தார். அவர் பெயர் தாங்கிய கம்பெனியின் தொழிற்சாலை நம் அம்பத்தூரில் ஓடியது. தொழிற்சாலை மூடிய பிறகும் பஸ் நிறுத்தத்துக்கு ‘டன்லப்’ என்றுதானே பெயர்! இதைச் சொல்லும்போது கேட்பவர் முகம் மலரும். டன்லப்புக்கு நாற்பது ஆண்டு முன்பே ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார், அது தெரிய வந்ததும் டன்லப்பின் உரிமை செல்லாமல் போனது என்பதையும் சேர்த்துக்கொள்வேன். 1890இல் வெல்ச் என்பவர், ஓரத்தில் கம்பி வைத்த டயரையும் நடுவில் பள்ளம் உள்ள ரிம்மையும் கண்டுபிடித்தார், இன்றைக்கும் ரிம்மிலிருந்து டயரைக் கையால் கழற்ற முடிவது அதனால்தான் என்று முடிப்பேன்.

இத்தனையும் உண்மை. இத்தனையும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு டயரைக்கூட நான் கழற்றிப் பார்த்ததில்லை. வெல்ச்சின் கம்பியும் பள்ளமும் எதற்கு என்று கேட்டால் விளக்குவேன். கையில் லீவரைக் கொடுத்தால் அது எனக்குத் தெரியாது. இந்த இடைவெளியை யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கு உள்ளூர இருந்தது. பின்னால் நடந்தவை எல்லாம் அந்தப் பயத்திலிருந்து வந்தவை.

2020 ஊரடங்கில் வண்டி மாதக்கணக்கில் நின்றது. நின்ற இடத்திலேயே பின் டயர் தரையோடு படிந்துவிட்டது. பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தது, ரப்பர் கட்டை போல இறுகியிருந்தது. கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் ஜி.பி. ரோட்டில் புது டயரும் டியூபும் வாங்கி வந்தேன். 3.25 அகலம், 19 அங்குலம். டயர் லீவர் ஒரு ஜோடியும் வாங்கினேன். அப்பாவின் ஸ்பானர்கள் வீட்டில் இருந்தன. நானே மாட்டிவிட்டு, ‘வீட்டிலேயே டயர் மாற்றிவிட்டேன்’ என்று சொல்லிக்கொள்ளும் ஆசை.

டயரின் ஓரத்தில் ஓடும் எஃகுக் கம்பி நீளாது. அந்தக் கம்பி வளையம் ரிம்மின் விளிம்பைவிடச் சின்னது. பிறகு எப்படி அது விளிம்பைத் தாண்டும்? எதிர்ப்பக்கத்தில் முழங்காலால் அழுத்தி, டயரின் ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ள வேண்டும். அங்கே உள்ளே இறங்கும் அளவுக்கு இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும். அந்தத் தளர்வுதான் எல்லாம். அது இருந்தால் லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவிய டயரைப் பெரிய பலமில்லாமல் ஏற்றிவிடலாம். வால்வு இருக்கும் இடத்தைக் கடைசியில் முடிக்க வேண்டும், ஏனென்றால் வால்வின் அடிக்கட்டை பள்ளத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அங்கே முதலில் முடித்துவிட்டால் பிறகு எந்தப் பக்கமும் தளர்வு கிடைக்காது. டியூபில் உருவம் நிற்கும் அளவுக்குச் சிறிது காற்று வைத்திருந்தால் அது மடியாது, லீவரின் வாயில் வந்து சிக்காது. இவ்வளவுதான் வித்தை. பலம் தேவைப்படுகிறது என்றாலே எங்கோ தப்பு நடக்கிறது என்று அர்த்தம்.

எனக்குப் பலம் தேவைப்பட்டது. எதிர்ப்பக்கத்து ஓரம் பள்ளத்தில் இல்லை, மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. நான் கவனிக்கவில்லை. கடைசி ஒரு சாண் நீளம் உள்ளே போக மறுத்தது. லீவரை ஆழமாகச் செருகி உடம்பின் எடையை எல்லாம் போட்டேன். அப்போது லீவரின் நுனியில், இரும்பின் மேல் இரும்பு உரசும் உணர்வுக்குப் பதிலாக மெத்தென்று எதுவோ பட்டது. பட்டது எனக்குத் தெரியும். ‘டியூபாக இருக்காது’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னும் அழுத்தினேன். டயர் உள்ளே போய்விட்டது. பொய் முதலில் அங்கே, கைக்கும் மனதுக்கும் நடுவில் தொடங்கியது. வேறு யாரும் அப்போது பக்கத்தில் இல்லை.

மறுநாள் காலை காற்றில்லை. திரும்பக் கழற்றினேன். டியூபின் உள்பக்கத்தில், ரிம்மைப் பார்த்த பக்கத்தில், எதிரெதிரே இரண்டு சின்னக் கீறல்கள். ஆணி குத்தினால் ஓட்டை டியூபின் வெளிப்பக்கத்தில், சாலையைப் பார்த்த பக்கத்தில் இருக்கும். லீவர் டியூபை ரிம்மோடு சேர்த்து நசுக்கினால்தான் இப்படி இரட்டைக் கீறல் உள்பக்கம் விழும். டியூபைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதைப் பார்த்ததுமே கதை முழுதும் விளங்கும்.

அந்த டியூபைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கியிருக்க வேண்டும். விலை பெரிதில்லை. ஆனால் புது டியூப் ஏன் மறுபடி என்று வீட்டில் கேட்பார்கள். பஞ்சர் ஒட்டும் டப்பாவை எடுத்து நானே ஒட்டினேன். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அதன் ஈரப் பளபளப்பு அடங்கும் வரை காத்திருந்து பிறகு பேட்ச் வைக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் கரைப்பான் உள்ளேயே அடைபட்டு, ஒட்டு பிடித்தது போலத் தோன்றிப் பிறகு சூட்டில் விட்டுவிடும். நான் ஈரத்தோடு வைத்தேன். மத்தியான வெயிலில் வாசலில் உட்கார்ந்திருந்தேன், யாராவது வந்து என்னவென்று கேட்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்போக் நிப்பிள்களின் தலை டியூபில் குத்தாமல் இருக்க ரிம்மைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை இருக்கும். எங்கள் வண்டியில் அது மக்கிப் பாதியில்லை. பழைய ரிம்மில் டயரைக் கவ்விப் பிடிக்க ஒரு போல்ட் இருந்திருக்கிறது, அதுவும் எப்போதோ போய் ஓட்டை மட்டும் திறந்து கிடந்தது. அந்த போல்ட் இல்லாமல் காற்றும் குறைவாக இருந்தால், வண்டி கிளம்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் டயர் ரிம்மின் மேல் மெல்ல நகரும். டயரோடு டியூபும் நகரும். வால்வு மட்டும் ரிம்மின் துளையில் மாட்டிக்கொண்டு சாயும். இதையும் நான் படித்திருந்தேன். பட்டையும் வாங்கவில்லை, ஓட்டையையும் அடைக்கவில்லை.

சில நாள் ஓட்டினேன். காற்று மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனிலிருந்து வரும் சாலையில், வேப்ப மரத்தடியில் கடை வைத்திருந்த பெரியவரிடம் காற்றடிக்க நிறுத்தினேன். கம்ப்ரஸர், தண்ணீர்த் தொட்டி, சுவரில் தொங்கும் பழைய டயர்கள், ஒரு மரப் பெஞ்சு. பின் டயருக்கு 30 பாயின்ட் வைத்தார். குழாயை எடுத்தபின் விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். பிறகு சக்கரத்தை லேசாக உருட்டி, குனிந்து, வால்வையே பார்த்தார்.

“சார், வால்வு சாஞ்சிருக்கு. உள்ள டியூப் நகந்துட்டிருக்கு. யார் மாட்டினது?”

“ஆவடியில ஒரு மெக்கானிக்கு” என்றேன்.

“அது இருக்கட்டும் சார். நான் ஒரு தடவ கழட்டிப் பாத்துடறேன். கூலி எதுவும் வேணாம். இத இப்படியே ஓட்டாதீங்க.”

கழற்றினால் என் ஒட்டைப் பார்ப்பார். இரட்டைக் கீறலைப் பார்ப்பார். ஆவடி மெக்கானிக்கு யாரும் இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிடும். அந்த ஒரு பஞ்சர் கடைப் பெரியவர் முன்னால், யாரென்றே நான் அதுவரை கேட்டிராத ஒருவர் முன்னால், எனக்குத் தெரியாது என்பது வெளிப்பட்டுவிடும். நேரமில்லை என்று சொல்லிக் கிளம்பினேன். காற்றுக்குக் காசு கொடுத்தேன், அதையும் அவர் வாங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். நண்பன் கல்யாணத்துக்குப் புல்லட்டில் போய் இறங்க வேண்டும் என்று ஆசை. “மாமா, ஒரே ஒரு நாள்” என்றான். ‘டயர் சரியில்லை’ என்று ஒரு வார்த்தை போதும். அவன் ‘நீங்கதானே போன வாரம் மாத்தினீங்க’ என்பான். வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். சாவியைக் கொடுத்தேன். வலது கால் கியர், இடது கால் பிரேக் என்று மட்டும் சொன்னேன். அதையும் ஒழுங்காகப் பழக்கவில்லை, தெருக்கோடி வரை ஒருமுறை போய் வரச் சொன்னதோடு சரி.

சி.டி.எச். ரோட்டில் திருமுல்லைவாயல் பக்கம் போகும்போது ஒட்டு விட்டுவிட்டது. டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால், ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும், காற்று மெதுவாகத்தான் இறங்கும். டியூப் டயரில் அப்படி இல்லை. டியூபிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும் காற்றுக்கு வால்வுத் துளை, ஸ்போக் துளைகள், அடைக்காமல் விட்ட அந்த போல்ட் ஓட்டை என்று வழி நிறைய. சில நொடிகளில் டயர் தட்டையாகிவிடும். வண்டியின் பின்பாகம் இடமும் வலமும் வாலாட்டும். அந்த நிலையில் பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரை விட்டு நேராகப் பிடித்து ஓரம் கட்ட வேண்டும். அவன் பயத்தில் பழக்கப்பட்ட வலது காலை அழுத்தியிருக்கிறான். இந்த வண்டியில் அது கியர். வேகம் குறையவில்லை, வண்டி தடுமாறி விழுந்துவிட்டான். ஹெல்மெட் போட்டிருந்தான். பின்னால் வந்தது லாரியாக இல்லாமல் ஒரு ஆட்டோவாக இருந்தது. இடது காரை எலும்பு முறிந்தது, முழங்கை வரை தோல் உரிந்தது.

மருத்துவமனையில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்த பிறகு, வண்டியைச் ‘சின்ன யானை’ சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இறக்கிய இடம் அந்த வேப்ப மரத்தடிக் கடை. வீட்டுக்குப் போகும் வழியில் இருந்த கடை அதுதான். நானும் மாமனாரும் மனைவியின் பெரியப்பாவும் அங்கே போனோம். பெரியவர் அதற்குள் டயரைக் கழற்றி டியூபை வெளியே எடுத்திருந்தார். பேட்ச் ஒரு பக்கம் எழும்பி நாக்குப் போலத் தொங்கியது. அவர் டியூபைத் திருப்பி, உள்பக்கத்தைக் காட்டி, “இது லீவர் கடிங்க. மாட்டும்போது விழுந்தது. ஒட்டும் சரியா போடல” என்றார்.

பெரியப்பா என்னைப் பார்த்து, “கடைசியா யாருப்பா இந்த டயரத் தொட்டது?” என்று கேட்டார்.

“போன வாரம் இவர்தான் காத்து அடிச்சார்” என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியில்லை. கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தில் இரண்டு பதில்களும் எனக்கு முன்னால் இருந்தன.

பெரியப்பாவின் குரல் உயர்ந்தது. கம்ப்ரஸரை வைத்து அளவுக்கு மேல் அடித்துவிட்டாய், பிள்ளை உயிர் போயிருந்தால் என்ன செய்வாய் என்று ஒருமையில் கேட்டார். கூட்டம் கூடியது. பெரியவர் கையில் டியூபைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினார். “சார், நீங்க சொல்லுங்க. நான் டயரக் கழட்டவே இல்லையே. கழட்டிப் பாக்கறேன்னு சொன்னேனே சார்.”

“எனக்கு ஞாபகம் இல்ல” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மருத்துவச் செலவுக்கு என்று கேட்டபோது, கடைக்குள் போய் இரண்டாயிரம் ரூபாய் கொண்டு வந்து பெரியப்பாவிடம் கொடுத்தார். பத்து, இருபது, நூறு நோட்டுகள். கொடுத்துவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருப்பார். ஊரடங்கு கழிந்து ஆள் நடமாட்டம் இப்போதுதான் வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அந்தத் தொகையைச் சேர்க்க எத்தனை டியூப் ஒட்டியிருக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அந்த டியூபை அங்கேயே விட்டுவிடக் கூடாது. டயரோடு அதையும் கேட்டு வாங்கி வந்து, மறுநாள் காலை குப்பை வண்டியில் போட்டேன்.

இது என் குடும்பத்தோடு நிற்கவில்லை. ‘அந்தக் கடையில் காற்றடிக்காதே, பையன் விழுந்தான் பார்’ என்று எங்கள் தெருவில் பேச்சானது. என் காதுபடவே சொன்னார்கள். நான் தலையாட்டியிருக்கிறேன். பஞ்சர் கடை என்பது பலகையாலும் விளம்பரத்தாலும் நடப்பதில்லை. வழியில் நிற்கிற வண்டிக்காரன், ‘இந்தக் கையை நம்பலாம்’ என்று நினைப்பதில்தான் நடக்கிறது. நான் எடுத்தது அதை.

பிறகு நான் டயர் மாற்றக் கற்றுக்கொண்டேன், முறையாகவே. ஆவடியில் ஒரு மெக்கானிக் சொல்லிக்கொடுத்தார். நான் கற்பனையாகச் சொன்ன ஆள் பின்னால் உண்மையாகவே கிடைத்தார். டியூபின் மேல் பவுடர் தூவ வேண்டும், இல்லாவிட்டால் டயரோடு ஒட்டி மடியும். வால்வு நட்டை மாட்டியதும் இறுக்கிவிடக் கூடாது, காற்றேற்றி டியூப் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் கையால் மட்டும் முடுக்க வேண்டும். முதல் தடவை காற்றேற்றியதும் முழுதாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினால் உள்ளே இருக்கும் மடிப்பு நிமிரும். ரிம்மின் விளிம்பை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு, மாட்டும் முன் அதைப் பார்க்க வேண்டும். அவர் லீவரைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. அவர் அழுத்தவே இல்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வைத்து ஏற்றினார். எதிர்ப்பக்கத்தில் அவர் முழங்கால் பள்ளத்தை விட்டு நகரவில்லை. “சிக்கினா நிறுத்திடணும் சார், எதிர்ப்பக்கம் பாக்கணும்” என்றார். மெத்தென்று பட்ட அந்த இடத்தில் நான் செய்யாதது அதுதான்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கு எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு. தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அதை எடுக்கக் கூடாது. எங்கள் வண்டி அந்த ஆண்டில்தான் 50ஐத் தொட்டது. அன்றைக்கு நான் சந்தோஷப்பட்ட விதத்தை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. மச்சினன் விழுந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் அவனுக்கு அப்போதும் வலி. நான் எல்லோரிடமும் விதியைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். வேப்ப மரத்தடியைக் கடக்கும்போது மட்டும் முகத்தை எதிர்ப்புறம் திருப்பிக்கொள்வேன். காற்றடிக்க அம்பத்தூர் வரை போவேன்.

உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். அது வேறு விதமாக நடந்தது. மச்சினன் சமீபத்தில் புது பைக் வாங்கினான். முன்னும் பின்னும் டியூப்லெஸ் டயர். வண்டியைக் காட்ட வந்தவன் சந்தோஷமாக, “இனிமே அந்தாளு மாதிரி ஆளுங்ககிட்ட மாட்ட வேணாம் மாமா” என்றான். எந்த ஆள் என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன். “அண்ணனூர் பஞ்சர் கடைக்காரன்தான். அந்த வழியா போறப்ப எல்லாம் வண்டிய ஸ்லோ பண்ணி அவன மொறைச்சிட்டுத்தான் போவேன். தலையக் குனிஞ்சுக்குவான்” என்றான். அவன் நல்லவன். யாரையும் முறைக்கிற ஆள் இல்லை. இத்தனை வருடமாக அவனை அப்படிச் செய்ய வைத்தது நான். அந்தக் குனிந்த தலையை என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அங்கேயே, அவனுக்கும் மனைவிக்கும் முன்னால், லீவரிலிருந்து குப்பை வண்டி வரை சொன்னேன்.

அவன் ரொம்ப நேரம் தன் பைக்கின் டயரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “எனக்கு அடிபட்டதுகூட விடுங்க மாமா. நீங்க அங்கயே நின்னீங்களே” என்றான். மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள். “அந்தப் பணத்தத் திருப்பிக் குடுத்தீங்களா?”

மறுநாள் போனேன். வேப்ப மரம் இருந்தது, கடை இல்லை. மழைநீர்க் கால்வாய்க்காகச் சாலையோரம் தோண்டியபோது வரிசையாக எல்லாக் கடைகளையும் எடுத்துவிட்டார்கள், சில மாதமாயிற்று என்றார் எதிரே இருந்த டீக்கடைக்காரர். பஞ்சர் கடைப் பெரியவர் பட்டாபிராம் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டதாகக் கேள்வி என்றார். பட்டாபிராமில் கண்ணில் பட்ட ஒவ்வொரு பஞ்சர் கடையிலும் கேட்டேன். எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான். “பேரு என்னங்க?”

அவர் பெயர் எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை. டன்லப்பின் பெயரும் தாம்சனின் பெயரும் வெல்ச்சின் பெயரும் தெரிந்த எனக்கு, என் டயரைக் குனிந்து பார்த்து ‘ஓட்டாதீங்க’ என்று சொன்ன மனிதரின் பெயர் தெரியாது. கேட்பவர்களிடம் ‘வயசானவர், ஒல்லி, காக்கி டிரவுசர், அண்ணனூர்ல கடை வச்சிருந்தார்’ என்றேன். அப்படிப் பல பேர் இருக்கிறார்கள். இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். பெரியப்பாவிடமும் சொல்லிவிட்டேன். தெருவிலும், முன்பு தலையாட்டிய வீடுகளில், ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிலர் ‘பழைய கதைய விடுங்க’ என்கிறார்கள். எனக்கு அது பழையதில்லை.

இதைப் படிக்கும் யாருக்காவது அவரைத் தெரிந்தால், அண்ணனூரிலிருந்து கடையை எடுத்துக்கொண்டு போன அந்தப் பெரியவரிடம் கீழே இருப்பதை மட்டும் வாசித்துக் காட்டுங்கள்.

ஐயா, அந்த டியூபில் இருந்தது நீங்கள் சொன்னபடி லீவர் கடிதான். லீவர் பிடித்தது நான். ஒட்டும் நான் போட்டது. நீங்கள் காற்று மட்டும்தான் அடித்தீர்கள், அளவாக 30 பாயின்ட். கழற்றிப் பார்க்கிறேன் என்று சொன்னீர்கள், கூலி வேண்டாம் என்றும் சொன்னீர்கள். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, அன்றைக்கும் இருந்தது. உங்கள் இரண்டாயிரம் ரூபாய் என்னிடம் இருக்கிறது.